அளந்தவர் பெயர்

தபஸ்ஸும் பார்த்த வேலையை வீட்டில் யாருக்கும் சரியாகப் புரியவைக்க முடிந்ததில்லை. "அளவுகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் எழுதறா" என்று அவள் கணவன் அனீஸ் விருந்தாளிகளிடம் சொல்வான். அது ஏறக்குறைய சரிதான்.

மழை, காற்று, தண்ணீர் என்று ஆராய்ச்சிக்காரர்கள் அளந்து முடித்தவற்றை வாங்கிப் பாதுகாக்கும் ஓர் ஆவணக் காப்பகத்துக்காக அவள் வீட்டிலிருந்தே வேலை செய்தாள். எந்த அளவும் உள்ளே போகுமுன் அதைப் பற்றிச் சில கேள்விகளுக்குப் பதில் எழுதியாக வேண்டும். யார் அளந்தார், எதைக் கொண்டு அளந்தார், எவ்வளவு நம்பலாம். பிற்காலத்தில் அதை எடுத்துப் படிக்கிறவர் அளந்தவரைத் தேடிப் போய்க் கேட்க முடியாது. அதற்காகத்தான் அந்த எழுத்து.

அந்த ஐப்பசியில் அவளிடம் வந்தது ஒரு கல்லூரி நடத்திய கிணற்று ஆய்வு. திருப்பூரைச் சுற்றி, பெருமாநல்லூரிலிருந்து பல்லடம் வரை, ஊருக்கு ஒரு திறந்த கிணறு. ஒவ்வொரு கிணற்றுக்கும் அந்த ஊரிலேயே ஒரு தன்னார்வலர். ஞாயிறுதோறும் அவர் கிணற்று விளிம்பிலிருந்து எடை கட்டிய டேப்பை இறக்கித் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று பார்த்து, வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக அனுப்புவார். கல்லூரியில் மோகன்ராஜ் என்ற உதவியாளர் அதைக் கேட்டுக் கணினியில் ஏற்றுவார். ஆய்வு முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அட்டவணையும் குரல்பதிவுகளும் மொத்தமாக தபஸ்ஸுமின் மடிக்கணினிக்கு வந்துசேர்ந்தன.

கிணற்றுக்குச் சில பதிவுகளை மட்டும் கேட்டு அட்டவணையோடு ஒத்துப்பார்ப்பதுதான் வழக்கம். ஏழாம் கிணற்றுக்கு வந்தபோது அவள் வழக்கத்தை விட்டாள். அந்தக் குரல் அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

"வணக்கம் சார். பெருமாநல்லூர் பக்கம், ஏழாம் கிணறு. தண்ணி நாப்பத்தேழு அடியில கெடக்கு. நெறமெல்லாம் ஒண்ணுமில்ல, தெளிவா இருக்கு. வச்சிர்றேன் சார்."

அளந்தவர் பெயர்: அன்புசெல்வி. வேலை: பனியன் கம்பெனியில் செக்கிங். மதுரைப் பக்கத்துப் பேச்சு. மற்றவர்கள் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட, இவள் ஒவ்வொரு தடவையும் ஏதாவது சேர்த்துக்கொண்டாள். "நேத்து ஷிப்மென்ட் சார், தூங்கவே இல்ல, கண்ணு ரெண்டா தெரியுது, ரெண்டு தடவை அளந்தேன்." இன்னொன்றில் பின்னால் ஓர் ஆணின் குரல், "எட்டிப் பாக்காதடி" என்று அதட்டுகிறது. "இவரு ஒருத்தரு சார்" என்கிறாள் அவள். ஒரு பதிவில் டேப்பில் ஓணான் ஏறிக்கொண்டது என்று சொல்ல ஆரம்பித்து, முடிக்க முடியாமல் சிரித்தாள்.

கீழ்த்தளத்தில் அனீஸின் லேபிள் அச்சடிக்கும் யூனிட். பகல் முழுக்க அந்தச் சத்தம். தபஸ்ஸும் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, அரிசி களைகிற நேரத்திலும் ஏழாம் கிணற்றைக் கேட்டாள்.

ஒருநாள் பகலில் அந்த ஓணான் மறுபடியும் வந்தது.

அதே சொற்கள். அதே இடத்தில் சிரிப்பு. சிரிப்புக்குள்ளே அதே சின்ன இருமல். ஆனால் பதிவின் தேதி ஒரு வருடம் தள்ளி இருந்தது. தபஸ்ஸும் இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டாள். ஒரே பதிவுதான். அப்புறம் தேடத் தொடங்கினாள். மாசி மாதப் பதிவு ஒன்றில் கொட்டும் மழையும் தவளைச் சத்தமும் கேட்டன. அந்த மாசியில் ஒரு தூறல்கூட இல்லை. அதே மழை, அதே தவளை, அதற்கு முந்தைய வருடத்துக் கார்த்திகைப் பதிவில் இருந்தன.

சாயங்காலத்துக்குள் விஷயம் தெரிந்துவிட்டது. ஒரு குறிப்பிட்ட ஞாயிறுக்குப் பிறகு ஏழாம் கிணற்றிலிருந்து வந்த அத்தனையும் பழைய பதிவுகள். புதிதாக ஒன்றுகூட இல்லை.

அவளுக்கு முதலில் வந்தது கோபம். இத்தனை நாள் கேட்டுப் பழகிய பெண், அளக்கச் சோம்பல்பட்டுப் பழையதை அனுப்பி ஏமாற்றியிருக்கிறாள். அட்டவணையை எடுத்து அந்த ஞாயிறைப் பார்த்தாள். அந்த வாரத்துக்கு நேரே மோகன்ராஜின் குறிப்பு இருந்தது: 'ஒலி பழுது. சராசரி போடப்பட்டது.' நாற்பத்தெட்டு அடி என்று போட்டிருந்தார்.

தபஸ்ஸும் அந்தப் பதிவைத் திறந்தாள்.

"வணக்கம் சார். பெருமாநல்லூர் பக்கம், ஏழாம் கிணறு. தண்ணி அம்பத்தி..."

கற்கள் சரியும் சத்தம். அழுத்திப் பிடித்திருந்த விரல் விலகியதும் பதிவு அதோடு முடிந்து, தானாகவே போய்விட்டிருந்தது.

அவள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். கீழே இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அவளுக்குக் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து மோகன்ராஜைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"ஏழாம் கிணறுங்களா? ஆமாங்க மேடம், ஒரு வாய்ஸ் நோட்டு கரப்ட் ஆகி வந்துச்சு" என்றார் அவர். "போன் பண்ணிப் பாத்தேனுங்க, எடுக்கல. அடுத்த வாரம் வழக்கம்போல வந்துருச்சு. அதனால அப்படியே விட்டுட்டேன். ஏனுங்க, ஏதாச்சும் பிரச்சினைங்களா?"

"அதுக்கப்புறம் வந்ததெல்லாம் பழைய ரெக்கார்டிங்."

"நம்பரை மட்டுந்தானுங்க நான் கேப்பேன். மத்ததைக் கேக்க நேரம் இருந்ததில்லீங்க."

ஏமாற்று வேலை என்று எழுதி, அந்தக் கிணற்றை நீக்கிவிடலாம். காப்பகத்தின் விதி அதற்கு இடம் கொடுத்தது. ஆனால் எண்கள் அவளைத் தடுத்தன. அக்கம்பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் ஏறிய வாரங்களில் ஏழாம் கிணற்றிலும் ஏறியிருந்தது. அவை இறங்கியபோது இதுவும் இறங்கியிருந்தது. பழைய பதிவைக் கண்ணை மூடி எடுத்து அனுப்புகிறவருக்கு அது எப்படி வாய்க்கும்? குரல் பழையது. எண் அந்தந்த வாரத்தினுடையது. இரண்டே இரண்டு வாரங்கள் மட்டும் ஒன்றும் வராமல் காலியாகக் கிடந்தன.

மறுநாள் அன்புசெல்வியின் எண்ணுக்கு அழைத்தாள். வெகுநேரம் மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள், பேசவில்லை. பின்னால் தையல் இயந்திரங்களின் இரைச்சல்.

"அன்புசெல்வி இருக்காங்களா?"

"இருக்கா" என்றது ஓர் ஆண்குரல். "இப்பப் பேச முடியாது." அழைப்பு துண்டிக்கப்பட்டது.

பதிவில் அதட்டிய குரல் அது.

"யாருக்குப் போன் பண்ணினே?" என்று சாப்பிட மேலே வந்த அனீஸ் கேட்டான். "முகமே சரியில்லையே?"

"கிணத்துல அளக்கற ஒரு பொண்ணுக்குங்க."

"எடுத்தாளா?"

"இல்ல" என்றாள். சாப்பாட்டை அவனுக்கு மட்டும் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பெருமாநல்லூருக்குப் பஸ் ஏறினாள். கிணறு இருந்த தோட்டத்தின் இடக்குறிப்பு அட்டவணையில் இருந்தது. ஊரைத் தாண்டி, ஒரு பனியன் கம்பெனியின் பின்மதிலை ஒட்டி மண்தடம் போயிற்று. தடத்தின் முடிவில் தென்னை நாலைந்து, ஒரு ஓட்டு வீடு. வாசலில் சோளத்தைக் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்மணி நிமிர்ந்தாள். தோட்டத்துக்காரி. பெயர் அனுசுயா என்று பிறகு சொன்னாள்.

"ஆருங்க கண்ணு? ஆரைப் பாக்கோணும்?"

"கிணத்துல தண்ணி அளப்பாங்களே, அன்புசெல்வின்னு. அவங்களைப் பாக்கணுங்க."

அனுசுயாவின் கை சோளத்தின்மேல் அப்படியே நின்றது. "நீங்க ஒறவுங்களா?"

"இல்லீங்க. அவங்க அனுப்பின அளவையெல்லாம் நான்தான் இப்ப பாத்துட்டிருக்கேன்."

"அந்தப் புள்ள போயி ரெண்டு வருசம் ஆச்சுங்களே."

தபஸ்ஸும் வாசற்படியில் உட்கார்ந்தாள். அனுசுயா உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சித்திரை மாசமுங்க. நான் ஊட்டுக்குள்ள இருந்தேன். சத்தம் கேட்டு ஓடியாந்து பாத்தா, கெணத்துச் செவுரு ஒரு பக்கம் அப்படியே உள்ள போயிருக்குது. போன் மட்டும் வெளிய மண்ணுல கெடந்துச்சு. கண்ணாடி கீறிப்போச்சு, ஆனா லைட்டு எரிஞ்சுட்டிருந்துச்சுங்க." அவள் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "அந்தச் செவுத்துல வெடிப்பு இருக்குதுன்னு எனக்குத் தெரியுங்க. மகங்கிட்டச் சொல்லிட்டே இருந்தேன், பூசலாம் பூசலாம்னு தள்ளிட்டே போயிருச்சு. அந்தப் புள்ளைகிட்டச் சொன்னனான்னு இன்னைக்கும் நெனச்சுப் பாக்கறேன். சொன்ன மாதிரியும் இருக்குது, சொல்லாத மாதிரியும் இருக்குது."

"அப்புறம் யாருங்க அளக்கறது?"

"அவ ஊட்டுக்காரருதானுங்க, காசிமாயன்னு. இந்தக் கம்பெனியில அயர்ன் மாஸ்டரு. எழவு முடிஞ்ச அடுத்த ஞாயித்துக்கெழமையே வந்துட்டாரு. வேண்டாம் சாமீன்னு எத்தனையோ சொல்லிப் பாத்தேன், கேக்கலீங்க. நாங்களும் மேல கம்பி வலை போட்டுட்டோம். சந்துல டேப்பை உட்டு அளக்கறாரு. இப்ப வந்துருவாரு, இருங்க."

கிணறு வீட்டுக்குப் பின்னால் இருந்தது. வட்டமான பழைய கல்கட்டு. ஒரு பக்கத்தில் மட்டும் புதுச் சிமெண்டு வெளுத்துத் தெரிந்தது. மேலே துருப்பிடித்த கம்பி வலை. தபஸ்ஸும் அருகே போகவில்லை. உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வருவதுபோல் அவளுக்குத் தோன்றியது. கிணறு என்றால் அப்படித்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

காசிமாயன் வந்தார். நாற்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, இஸ்திரிச் சூட்டில் கறுத்த முன்கைகள். அவளைப் பார்த்ததும் நின்றார்.

"போன்ல பேசுனது நீங்களா?"

"ஆமாங்கண்ணா. அளவுகளையெல்லாம் காப்பகத்துல சேக்கற வேலை பாக்கறேன்."

அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். பையிலிருந்து டேப்பை எடுத்தார். வலையின் சந்து வழியாக எடையை மெல்ல இறக்கினார். அது தண்ணீரைத் தொட்ட சத்தம் அடியிலிருந்து எழுந்துவந்தது. டேப்பை விளிம்பில் விரலால் அழுத்திப் பிடித்துக் குனிந்து பார்த்தார். மேலே இழுத்து, மறுபடியும் ஒருமுறை இறக்கிப் பார்த்தார். கவனமாக அளந்தார் என்பதில் சந்தேகமே இல்லை.

பிறகு சட்டைப் பையிலிருந்து, கண்ணாடி கீறிய போனை எடுத்தார். விரலால் தள்ளித் தள்ளித் தேடி, ஒன்றைத் தொட்டார்.

"வணக்கம் சார்" என்றாள் அன்புசெல்வி. "பெருமாநல்லூர் பக்கம், ஏழாம் கிணறு. தண்ணி நாப்பத்தி மூணு..."

"இது இல்ல" என்று காசிமாயன் முணுமுணுத்தார். அடுத்ததைத் தொட்டார். அதுவும் இல்லை. மூன்றாவதில் நாற்பத்தி நாலு வந்தது. அவர் முகம் தெளிந்தது. கடைசி வரை, வச்சிர்றேன் சார் வரை, கேட்டார். பிறகு அனுப்பினார்.

அனுசுயா எப்போதோ வீட்டுக்குள் போய்விட்டிருந்தாள். இந்தக் குரல் எழும் நேரத்தில் அவள் வெளியே இருப்பதில்லை போலும்.

"ஏண்ணா இப்படி?" என்று தபஸ்ஸும் கேட்டாள். "நீங்களே நம்பரைச் சொல்லி அனுப்பியிருக்கலாமே?"

காசிமாயன் போனை அவளிடம் நீட்டினார். திரையில் கல்லூரியின் எண்ணிலிருந்து அன்று காலை வந்த செய்தி இருந்தது. 'அன்புசெல்வி அவர்களே, இந்த வாரம் உங்கள் அளவு இன்னும் வரவில்லை. காத்திருக்கிறோம்.' அதற்கு மேலே போன வாரத்துச் செய்தி. அதற்கும் மேலே அதற்கு முந்தையது. ஆய்வு முடிந்தும் அந்தத் தானியங்கிச் செய்தியை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. இவர் அனுப்பியதைக் கேட்கவும் சில மாதங்களாக அங்கே யாரும் இல்லை.

"அவளைப் பொதைச்சிட்டு வந்து உக்காந்திருக்கேன். ஞாயித்துக்கெழமை காலையில டிங்குன்னு இது வருது. அன்புசெல்வி அவர்களேன்னு. எனக்கு அந்த நேரத்துல, ஊர்ல ஒருத்தராவது அவளைத் தேடுறாகளேன்னு இருந்துச்சு. அவ பதில் சொல்லாம இருந்தா நல்லாருக்காதுல்ல? அவ ஒரு வாரம்கூடத் தவறுனதில்ல. அதான் வந்து அளந்து, அவ சொன்னதுலயே தேடி எடுத்து விட்டேன். அப்படியே ஆகிப்போச்சு."

"ரெண்டு வாரம் மட்டும் வரலையே?"

"அந்த நம்பரு அவ சொன்னதில்ல. போன்ல எவ்வளவோ தேடுனேன், கெடைக்கல. நானா எப்படிச் சொல்றது?"

அவர் கிணற்றின் பக்கம் திரும்பினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்தக் கடைசி ஒண்ணு... நீங்க கேட்டீகளா?"

"கேட்டேன்."

"நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். ஆனா ராத்திரியும் பகலும் காதுக்குள்ள ஓடுது. அம்பத்தி, அம்பத்தின்னு. என்ன நம்பர் சொல்ல வந்தான்னு தெரியல தாயி. அதை மட்டும் முடிச்சிருந்தான்னா எனக்கு இம்புட்டு இருக்காது. எவ்வளவு யோசிச்சாலும் அந்த எடத்துலயே நிக்குது."

தபஸ்ஸும் தன் பையில் கொண்டுவந்திருந்த டேப்பை எடுத்தாள். வேலை என்பதற்காக மட்டுமல்ல, கைகளுக்கு ஏதாவது தேவைப்பட்டது. வலையின் ஓரம்வரை போனாள். "எட்டிப் பாக்காதீக" என்றார் காசிமாயன் சட்டென்று. அவள் பாராமலேயே இறக்கினாள். நாற்பத்தி நாலு.

வீடு திரும்பிய மறுநாள் மோகன்ராஜிடம் சொன்னாள். "எனக்கு வந்தது கல்லு விழுந்த சத்தமுங்க" என்றார் அவர். "கரப்ட்டுன்னு எழுதிட்டனே." அந்தச் செய்தியை உடனே நிறுத்திவிடுவதாகச் சொன்னார். காசிமாயனைக் கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம் என்றாள் தபஸ்ஸும்.

கல்லூரியின் துறைத் தலைவர் வேறுவிதமாகப் பேசினார். ஏழாம் கிணற்றை மொத்தமாக எடுத்துவிடுங்கள், மற்றவை போதும் என்றார். நல்ல மனிதர்தான், குரலில் பயம் இருந்தது.

"எடுக்கறதுக்குக் காரணம் எழுதணும் சார்" என்றாள் தபஸ்ஸும். "என்ன எழுதட்டும்?"

"குரல்பதிவு நம்பகமில்லைன்னு எழுதுங்க."

"அளவு நம்பகமானது. நானே போய் அளந்து பாத்துட்டேன். நம்பகமில்லாதது ஒண்ணே ஒண்ணுதான். நாம போட்ட அந்தச் சராசரி. அவங்க ஐம்பதுக்கு மேலன்னு சொல்லியிருக்காங்க. நாம நாற்பத்தெட்டுன்னு எழுதியிருக்கோம்."

இரண்டு நாள் கழித்து அவர், உங்களுக்குச் சரியென்று படுவதைச் செய்யுங்கள் என்று ஒரு வரி அனுப்பினார்.

அப்படியானால் அந்த வாரத்துக்கு என்ன எழுதுவது? 'ஐம்பதுக்கு மேல், முழுமையாகக் கேட்கவில்லை' என்று எழுதி முடிக்கலாம். தபஸ்ஸுமால் அந்த இடத்தில் நிறுத்த முடியவில்லை. காசிமாயனைப் பிடித்தது அவளையும் பிடித்துக்கொண்டது. குக்கர் விசில் அடங்கும்போது அம்பத்தி. மாடிப்படி ஏறும்போது அம்பத்தி. ஒருநாள் அனீஸிடம் ஏதோ விலை கேட்கப்போய், அவன் "அம்பத்தஞ்சு" என்றதும் அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன ஆச்சு?"

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"அம்பத்தஞ்சு."

அம்பத்தி அஞ்சு என்று அவன் சொல்லவில்லை. யாரும் சொல்வதில்லை. அம்பத்தொண்ணு. அம்பத்தஞ்சு. அம்பத்தாறு. அம்பத்தேழு. அம்பத்தெட்டு. அம்பத்தொம்பது. எதிலும் 'தி' நிற்பதில்லை, அடுத்த சொல் அதை விழுங்கிவிடுகிறது. அது நிற்பது மூன்று எண்களில்தான். ரெண்டு, மூணு, நாலு.

அவள் மேலே ஓடினாள். அன்புசெல்வியின் பழைய பதிவுகளில் ஐம்பதைத் தாண்டியவற்றையெல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டாள். அவளும் அப்படித்தான் சொல்லியிருந்தாள். அம்பத்தாறு, அம்பத்தஞ்சு. அம்பத்தி ரெண்டு இருந்தது. அம்பத்தி நாலு இருந்தது. இரண்டிலும் 'தி' முடிந்து வாய் திறந்தபடியே அடுத்த எழுத்துக்குப் போயிற்று.

பிறகு கடைசிப் பதிவைத் திறந்து, வேகத்தைக் குறைத்துக் கேட்டாள். கல் சரிவதற்குச் சற்று முன்னால், அம்பத்தி முடிகிற இடத்தில், உதடுகள் ஒட்டின. 'ம்' என்று ஒரு துளி. மூணு சொல்ல மூடிய உதடுகள். அந்த 'ம்'மைத் தபஸ்ஸும் பலமுறை கேட்டாள். தன் கற்பனையோ என்று சந்தேகப்பட்டு அனீஸைக் கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல், அவன் காதில் ஹெட்போனை வைத்தாள்.

"மூணா?" என்றான் அவன். அப்புறம் அவள் கண்களைப் பார்த்துவிட்டு, "யாரு இது தபஸ்ஸு?" என்று கேட்டான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு அனீஸும் கூடவே வந்தான். தோட்டத்து வாசலிலேயே நின்றுகொண்டான். காசிமாயன் அப்போதுதான் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அது ஐம்பத்து மூணு" என்றாள் தபஸ்ஸும். "அம்பத்தி மூணு."

அவர் திரும்பினார். எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. அவளே சொன்னாள். மெதுவாக, எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினாள். அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தானும் சத்தமில்லாமல் உதடுகளை அசைத்துப் பார்த்தார். அம்பத்தாறு. அம்பத்தி நாலு. அம்பத்தி மூணு. கடைசியில் உதடு ஒட்டியபோது அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அந்த ரெண்டு வாரம்" என்றார். "நான் அனுப்பாம விட்டேன்ல? அது ரெண்டும் அம்பத்தி மூணுதான் தாயி. போன் முழுக்கத் தேடுனேன், அவ சொன்னதே இல்லைன்னு விட்டேன்."

அவர் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்தார். முன்கைகளால் முகத்தை மறைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின, சத்தம் வரவில்லை. தபஸ்ஸும் கொஞ்சம் தள்ளி நின்றாள். மதிலுக்கு அப்பால், ஞாயிறானாலும் கம்பெனியில் ஏதோ ஒரு தையல் லைன் ஓடிக்கொண்டிருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார்: "அளந்தவர்னு அவ பேருதானே இருக்கும்?"

"அந்த ஞாயிறு வரைக்கும் அவங்க பேரு. அதுக்கப்புறம் உங்க பேரு. அதை மாத்த முடியாதுண்ணா. குரல் மட்டும் ஏன் அவங்களுதுங்கறதையும் எழுதுவேன். அவங்க எப்படி இறந்தாங்கன்னும் எழுதுவேன்."

அவர் யோசித்தார். "எழுதுங்க" என்றார். "அந்தக் கடைசி ஒண்ணு மட்டும் உள்ள இருக்கட்டும். ஆரும் எடுத்துக் கேக்க வேணாம்."

"யாரும் கேக்க முடியாதபடி பூட்டி வைக்கலாம்."

"அப்புறம் அந்தக் காலேஜுக்காரங்ககிட்டச் சொல்லிருங்க. இனிமே அவளைக் கூப்பிட வேணாம்னு."

தபஸ்ஸும் எழுதியது ஒரு பக்கத்துக்கும் குறைவுதான். ஏழாம் கிணறு. அளந்தவர்கள் அன்புசெல்வி, காசிமாயன். சராசரியாகப் போட்ட நாற்பத்தெட்டு நீக்கப்பட்டது. அந்த வார அளவு ஐம்பத்திரண்டுக்கும் ஐம்பத்து நான்குக்கும் இடையில், பெரும்பாலும் ஐம்பத்து மூன்று. அளந்துகொண்டிருந்தபோதே கிணற்றுச் சுவர் சரிந்து அளந்தவர் இறந்தார். அடுத்த வாரங்களின் அளவுகள் உண்மையானவை, குரல் முந்தைய பதிவுகளினுடையது. விடுபட்ட இரண்டு வாரங்களும் ஐம்பத்து மூன்று, கணவர் நினைவிலிருந்து சொன்னது, நம்பகம் குறைவு. 'நம்பகம் குறைவு' என்று எழுதும்போது மட்டும் அவள் கை தயங்கியது. ஆனாலும் எழுதினாள்.

மோகன்ராஜ் செய்தியை நிறுத்தினார். ஒரு ஞாயிறு, யாரிடமும் சொல்லாமல் பெருமாநல்லூர் போய்க் காசிமாயனைப் பார்த்துவிட்டும் வந்தார். என்ன பேசினார்கள் என்று தபஸ்ஸுமிடம் அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. தை பிறந்ததும் காசிமாயன் கம்பெனி மாறி வெள்ளகோவில் பக்கம் போய்விட்டார். அனுசுயா தன் மகனை வைத்துக் கிணற்றை மண்போட்டு மூடிவிட்டாள்.

தபஸ்ஸும் அடுத்த வேலைக்குப் போனாள், கடலோரக் காற்று அளவுகள். அதில் யாருடைய குரலும் இல்லை. மாசியில் ஒருநாள் காய்ச்சலுக்காக ஒரு கிளினிக்கில் காத்திருந்தாள். உள்ளேயிருந்து நர்ஸ் டோக்கன்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்பது ஆயிற்று. அம்பத்தொண்ணு ஆயிற்று. "அம்பத்தி..." என்று தொடங்கியவள் யாரோ ஏதோ கேட்க அவர்கள் பக்கம் திரும்பிவிட்டாள். வரிசையில் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தபஸ்ஸும் மட்டும் எழுந்து நின்றுவிட்டாள். நர்ஸ் திரும்பி வந்து "ரெண்டு" என்று சொல்லும்வரை அவளால் மூச்சுவிட முடியவில்லை.